மருந்தில்லை, மோர்

எங்கள் வீட்டுக்கும் என் கணவரின் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு காம்பவுண்டுச் சுவர். அந்தச் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் போகும், முருங்கைக்காய் வரும். நானும் என் ஓரகத்தி செல்லத்தாய் அக்காவும் ஊர்க்கதை முழுவதையும் அங்கே நின்றுதான் பேசித் தீர்ப்போம். ஆனால் என் வீட்டுக்காரர் லட்சுமிகாந்தமும் அவருடைய அண்ணன் ஜெயச்சந்திரனும் மட்டும் மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் எதிரெதிரே வந்துவிட்டால் இவர் செல்போனைப் பார்ப்பார், அவர் வானத்தைப் பார்ப்பார். சிவகாசி வானத்தில் பார்க்க அப்படி என்ன இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. மழை மேகம்கூட இருக்காது.

இத்தனைக்கும் காரணம் ஒரு தீப்பெட்டி.

விஸ்வநத்தம் பக்கம் எங்கள் குடும்பத்துப் பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. வாசலில் ஆளுக்கு ஆள் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது. முதலாளிகளைத் தடவிப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்? அன்றைக்குப் பெரியத்தானே, அதாவது இவருடைய அண்ணனே, வாசலில் நின்று சோதித்தார். இவர் கோயிலில் சூடம் ஏற்றிவிட்டு, தீப்பெட்டியைப் பையில் போட்டதை மறந்து நேராகக் கம்பெனிக்குப் போயிருக்கிறார். வேலைக்கு வந்த ஆண்களும் பெண்களும் வரிசையில் நிற்க, அத்தனை பேர் முன்னாலும் பெரியத்தான் அந்தத் தீப்பெட்டியை உயர்த்திக் காட்டி, "ஒனக்கு ஒரு சட்டம், அவுகளுக்கு ஒரு சட்டமாலே? வீட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இவர் வந்தார். வந்தவர் வந்தவர்தான். லேபிள் அடிக்கிற அச்சகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் கேட்டால் பெரியத்தான் செய்தது நியாயம். ஆனால் அந்த நியாயத்தை அவ்வளவு சத்தமாகச் செய்திருக்க வேண்டாம்.

சரி, எப்படியோ போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் மகள் கீர்த்திகாவுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்குப் பெரியப்பா இருந்தால் அவர்தான் மாப்பிள்ளை வீட்டாரோடு தட்டு மாற்ற வேண்டும். பெரியப்பா குத்துக்கல் மாதிரி பக்கத்து வீட்டில் இருக்கும்போது வேறு யார் கையில் தட்டைக் கொடுப்பது? நானும் கீர்த்திகாவும் போய் அழைத்தோம். அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். வாய் நிறைய இனிப்பு ஊட்டினார். கடைசியில், "ஒங்கப்பன் ஒரு வார்த்தை சொல்லட்டும், வாரேன்" என்று முடித்துக்கொண்டார். இங்கே வந்து சொன்னால் இவர், "வந்தா வரட்டும், நான் போய்க் கூப்பிட மாட்டேன்" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சோற்றைக் குழைய விட்டேன்.

இந்த நிலைமையில்தான் கீர்த்திகா அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். பெங்களூரில் வேலை பார்க்கிறவள், நிச்சயத்துக்காக லீவில் வந்திருந்தாள்.

"இது சும்மா குடுக்கிற கிஃப்ட் இல்லம்மா. குடும்பமே சேந்து உக்காந்து செய்யணும். ஜூஸுக்குப் புகை போடுறது."

திறந்து பார்த்தேன். டம்ளர் மேல் வைக்க ஒரு மரமூடி, மூடி நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் சின்ன வலை, வலையில் போட மரத்தூள், மரத்தூளைப் பற்றவைக்கக் குட்டியாக ஒரு கேஸ் பர்னர். புகை கீழே டம்ளருக்குள் இறங்கி, குடிப்பதற்கு அந்த வாசம் ஏறுமாம். பட்டாசுக்காரன் மகள் அப்பாவுக்குப் புகையைப் பரிசாக வாங்கி வந்திருக்கிறாள்! பெட்டியின் மேல் இருந்த படத்தில் டம்ளரில் இருப்பது விஸ்கி நிறம் என்பதை இவர் கவனித்தார். கவனித்ததை நானும் கவனித்தேன்.

"நன்னாரி சர்பத்துதான்" என்றேன். இவர் முகம் சுருங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். கீர்த்திகா வரிசையாக டம்ளர்களை வைத்தாள். எங்கள் மூன்று பேருக்கும் போக மிச்சம் இருந்ததை இவர் பார்த்தார்.

"அது யாருக்கு?"

"பெட்டியில இருந்துச்சுப்பா. வச்சேன்."

இவர் பக்கத்து வீட்டுப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

முதல் டம்ளருக்கு மூடி வைத்து, பர்னரைப் பிடித்தாள். நூல் மாதிரிப் புகை இறங்கி சர்பத்தின் மேல் படுத்தது. மூடியை எடுத்துக் குடித்தால், அட, நன்றாகத்தான் இருந்தது. இவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் ஒரு புகையா? கொசு கூடச் சாகாது."

தொழில் புத்தி எங்கே போகும்? கீழே போய் பழைய மண்சட்டி, தேங்காய்ச் சிரட்டை, ஈரமான மாமரப் பட்டை, சோறு வடிக்கிற பெரிய அண்டா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார். என் பெருங்காய மோர் இருந்த தூக்குவாளியைத் திறந்து தரையில் வைத்தார். பக்கத்தில் சட்டியில் சிரட்டையைப் பற்றவைத்து, அதன்மேல் ஈரப் பட்டையைப் போட்டு, இரண்டையும் சேர்த்து அண்டாவால் கவிழ்த்து மூடினார். மூச்சு விட ஒரு பக்கம் செங்கல்லை முட்டுக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"இப்பப் பாரு பாப்பா."

பார்த்தோம். செங்கல் சந்து வழியாகக் குபுகுபுவென்று புகை கிளம்பியது. பால் மாதிரி வெள்ளைப் புகை. மாடிச் சுவரைத் தாண்டி, தென்னை மட்டையைத் தாண்டி மேலே ஏறியது.

எங்கள் ஊரில் மருந்து என்றால் மாத்திரை இல்லை, வெடிக்குள் போகிற பொடி. ஊரில் எங்கே புகை தெரிந்தாலும் எல்லார் கையிலும் போன் ஏறிவிடும். "எந்தப் பக்கம்?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்த கேள்வி, என்ன நிறம். கறுப்பாக இருந்தால் டயரோ குப்பையோ என்று மூச்சு விடலாம். கெட்டியான வெள்ளையாக இருந்தால் மருந்து. இதெல்லாம் தெரிந்த மூன்று பேரும் புகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். கிட்டே இருக்கிறவனுக்கு அது மோர். தூரத்தில் இருக்கிறவனுக்கு அது என்னவாகத் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"ஏலே காந்தம்! எறங்குலே! கீள எறங்குலே!"

பக்கத்து வீட்டு முற்றத்திலிருந்து வந்த அந்தக் குரலில் என் கையிலிருந்த டம்ளர் நழுவியது. என்ன ஏது என்று நாங்கள் எழுந்து நிற்பதற்குள் எங்கள் கேட் படீரென்று சுவரில் மோதியது. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். முட்டிவலி என்று சொந்த வீட்டு மாடிக்கே ஏறாத மனுஷன், இரண்டு கையிலும் இரண்டு சிவப்பு வாளியோடு மேலே வந்து நின்றார். அந்த வீட்டு வாசலில் எப்போதும் இருக்கிற மணல் வாளிகள்.

"தள்ளுங்க எல்லாரும்!"

முதல் வாளி அண்டா மேல் விழுந்தது. இரண்டாவது வாளி செங்கல் சந்தை அடைத்து, டம்ளர்கள் மேலும், பெங்களூர்ப் பெட்டி மேலும், என் நன்னாரி சர்பத் மேலும் விழுந்தது. புகை நின்றது. பெரியத்தான் இவருடைய இரண்டு கையையும் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகத்தைத் தடவினார்.

"சுட்டுருச்சாலே? எங்கன சுட்டுச்சு? மொட்ட மாடில வச்சு மருந்து கலக்குறியா, புத்தி கெட்டவனே!"

இவர் மெதுவாகச் சொன்னார்.

"மருந்தில்ல அண்ணாச்சி. மோரு."

"என்னது?"

"மோரு."

பெரியத்தான் கீர்த்திகாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். குனிந்து அண்டாவைத் தூக்கினார். மேலே மணல் மேடு, உள்ளே தூக்குவாளியில் மோர் அப்படியே இருந்தது. ஒரு மணல்கூட விழவில்லை. அவ்வளவுதான், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளையாத் தெரிஞ்சுச்சு" என்றார். "அம்புட்டும் வெள்ளையாத் தெரிஞ்சுச்சுலே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கீழே தெருவில் ஆட்கள் கூடிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பெரியத்தான் சட்டென்று எழுந்தார். வேட்டியை உதறினார். கண் பர்னர் மேல் போய் நின்றது. அப்படியே படியிறங்கிப் போய்விட்டார்.

இவர் முகம் பழையபடி இறுகியதை நான் பார்த்தேன். ஐயோ, வந்ததும் போயிற்றே!

"போறாகளே, கூப்பிடுங்க!" என்று கத்தினேன். "வாயில என்ன கொளுக்கட்டையா இருக்கு?"

நான் ஓடிப்போய் மாடிச் சுவரில் எட்டிப் பார்த்தேன். பெரியத்தான் கேட்டில் நின்று, கூடியிருந்தவர்களிடம் கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லப்பா, போங்க. எங்க வீட்ல மோருக்குப் புகை போடுறோம்."

எங்க வீட்ல. நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவருக்கும் கேட்டிருந்தது.

படியில் மறுபடியும் காலடி. இந்தத் தடவை ஒவ்வொரு படியாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பின்னாலேயே செல்லத்தாய் அக்காவும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். மாடிக் கதவு வரைக்கும் வந்த பெரியத்தான் உள்ளே வரவில்லை. கம்பெனி வாசலில் வரிசையில் நிற்கிற ஆள் மாதிரி இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ம், சோதிச்சுப் பாத்துக்கோ" என்றார்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இவர் எழுந்து போனார். அண்ணன் சட்டைப் பையில் கை வைத்துத் தடவினார். அது வெறும் பை. இருந்தாலும் கையை எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உள்ள வாங்க." என்றார் இவர். "வெள்ளிக்கெளமையும் வாங்க. நீங்கதான் தட்டு மாத்தணும்."

பெரியத்தான் கையைக் கீழே போட்டார். "மொதல்ல மோர ஊத்துலே" என்றார்.

கீர்த்திகா மணலைத் தட்டி டம்ளர்களைக் கழுவிக்கொண்டு வந்தாள். எடுத்து வைத்திருந்த டம்ளர் எதுவும் மிச்சமாகவில்லை. மோரில் சிரட்டைப் புகை ஏறி, பெருங்காயத்தோடு சேர்ந்து, தொண்டைக்குள் கமகமவென்று இறங்கியது. பெரியத்தான் இரண்டாம் தடவையும் டம்ளரை நீட்டினார். இத்தனை நாள் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. நன்றாக மூச்சு விட்டேன்.

அப்போது என் போன் அடித்தது. ஆமத்தூரிலிருந்து என் தங்கை. புகைச் செய்தி அதுவரை போயிருக்கிறது.

"அக்கா, ஒங்கூர்ல புகையாமே? எந்தப் பக்கம்?"

"எங்க வீட்லதாண்டி" என்றேன். "பயப்படாத. எல்லாரும் நல்லா இருக்கோம்."