மில் டீமுக்கு மாஸ்டர் வந்த வருஷம்

கிருஷ்ணசாமி மாஸ்டர் நல்லவர் என்று விழுப்புரத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. நல்லவர் செய்தது என்பதால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் அண்ணன் சவுரிராயன், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை எண்ணெய் மில்லின் கால்பந்து டீமில் இடது ஓரத்தில் ஆடினான். பேருக்கு மூட்டை தூக்குகிற வேலை, சம்பளம் ஆட்டத்துக்குத்தான். சேரியிலிருந்து அந்த டீமில் அண்ணனும் அடுத்த வீட்டு மண்ணாங்கட்டியும் மட்டும். மற்றவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். இடைவேளையில் அவர்கள் சொம்பில் தண்ணீர் குடிப்பார்கள். இவர்கள் இருவரும் குனிந்து கை ஏந்த வேண்டும், யாராவது மேலிருந்து ஊற்றுவார்கள். ஆட்டத்திலும் அப்படித்தான். அண்ணன் எவ்வளவு நல்ல இடத்தில் நின்றாலும் பந்தை அவன் பக்கம் தட்ட மாட்டார்கள். தோற்றுத் தோற்றுச் சலித்துப் போன முதலாளி, கோலார் தங்கவயலில் ஆடிய மாஸ்டரைப் பயிற்சி கொடுக்க வரவழைத்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். அண்ணனுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில், மல்லாட்டைத் தோல் குவியலுக்குப் பின்னால் நின்று மைதானத்தைப் பார்ப்பேன். மாஸ்டர் வந்த முதல் நாளே எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். சொம்பில் வாய் வைத்துத் தான் ஒரு வாய் குடித்தார். பிறகு அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் குடித்துவிட்டுக் கேப்டன் சீனுவாசனிடம் நீட்டினான். சீனுவாசன் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

“குடிக்கலைன்னா சட்டையக் கழட்டி வெச்சிட்டுப் போ. வேற ஆளு நான் பாத்துக்கிறேன்” என்றார் மாஸ்டர்.

சீனுவாசன் குடித்தான். அன்று வீட்டில் அண்ணன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அம்மா, போதும்டா, சோறு ஆறுது என்றாள்.

அதற்கப்புறம் பந்து அண்ணனிடம் வந்தது. அவன் கொண்டுபோய்ப் போட்டால் சீனுவாசன் அடித்தான். கடலூர்க்காரர்களை ஜெயித்தார்கள், பண்ருட்டியை ஜெயித்தார்கள். கப்புக்கான கடைசி ஆட்டம் திண்டிவனத்துடன், அவர்கள் ஊரிலேயே.

திண்டிவனம் டீமை நடத்துகிறவர் ஒரு பெரிய பண்ணைக்காரர். இரண்டு டீமுக்கும் மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில். என் அத்தை இருதயமேரி அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையில் வேலை செய்பவள். அவளைப் பார்க்க அம்மாவும் நானும் அதே ரயிலில் போயிருந்தோம். அதனால் நடந்ததைக் கொட்டகையிலிருந்து நானே பார்த்தேன்.

பந்தலில் வரிசையாக இலை போட்டிருந்தது. கணக்குப்பிள்ளை வந்து மாஸ்டர் காதில் ஏதோ சொன்னார். மாஸ்டர் அண்ணனையும் மண்ணாங்கட்டியையும் வெளியே அழைத்துக்கொண்டு வந்தார். கொட்டகை ஓரத்தில், சாணி வாரிய ஈரம் காயாத இடத்தில், இரண்டு இலை போட்டார்கள்.

“இது அவங்க ஊரு. இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ சவுரி. நமக்கு ஆட்டம்தான் முக்கியம்.”

“அப்ப நீங்களும் இங்கயே உக்காருங்க மாஸ்டர்.”

மாஸ்டர் அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் வெறும் இலையை மடித்துவிட்டு எழுந்தான். மண்ணாங்கட்டி சாப்பிட்டான்.

வெறும் வயிற்றோடுதான் அண்ணன் ஆடினான். அவன் போட்ட பந்தைத்தான் சீனுவாசன் கோல் அடித்தான். இடைவேளையில் பண்ணையாள் ஒருவன் குடத்தோடு வந்து, இவர்களைக் குனியச் சொன்னான். அண்ணன் கை ஏந்தவில்லை. மாஸ்டர் அப்போது எங்கே பார்த்தார் தெரியுமா? பந்தை மடியில் வைத்துக்கொண்டு, காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு ஒட்டிக்கொள்ள அண்ணன் மறுபடி இறங்கி ஓடினான். கடைசியில் இரண்டு டீமும் ஒவ்வொரு கோல், ஆட்டம் சமம். அடுத்த ஞாயிறு விழுப்புரத்தில் திரும்ப ஆடுவது என்று முடிவானது.

மறுநாள் அண்ணன் மில்லுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஆடாதவனுக்கு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அழுதாள். வெள்ளிக்கிழமை மாஸ்டரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அம்மா பாய் விரித்தாள். உட்கார்ந்து, தண்ணி குடும்மா என்று கேட்டார். எங்கள் குவளையில், எங்கள் பானைத் தண்ணீரை வாய் வைத்துக் குடித்தார். இன்னும் கொஞ்சம் என்று வாங்கியும் குடித்தார். பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தீட்டு என்று நினைக்கிற மனிதர் என்றால் புரிந்திருக்கும். இவர் அதை நினைக்கவே இல்லையே.

ஆண்பிள்ளைகள் எதிரில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்று கதவோரத்திலிருந்து கேட்டுவிட்டேன்.

“அங்க குடிச்சிருக்கலாமே மாஸ்டர்.”

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். மாஸ்டர் தடுத்தார். அங்கே தகராறு செய்திருந்தால் ஆட்டமே நின்றிருக்கும் பாப்பா, என்றார். நின்றால் என்ன? அதை மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்.

அண்ணன் பேசினான். “ஞாயித்துக்கிழமை அவங்க நம்ம ஊருக்கு வர்றாங்க. மில்லுலதான் சாப்பாடு. எல்லாருக்கும் ஒரே பந்தி போடுங்க. உங்க பக்கத்துல எனக்கு எலை. நான் வர்றேன்.”

“முதலாளியக் கேக்கணும்டா.”

“கேட்டுட்டு வாங்க.”

மாஸ்டர் வரவே இல்லை. சனிக்கிழமை இருட்டும் வரை அண்ணன் சும்மா இல்லை. காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக் கூச்சல் எங்கள் வீடு வரை கேட்டது. ஆட்டம் முடிந்து போனவர்கள், ஒரு வேளைச் சோத்துக்கு ரோஷப்பட்டு ஊர் மானத்தை வாங்கிவிட்டான் என்று எங்கள் காதுபடப் பேசிக்கொண்டு போனார்கள். ஊர் மானமாம். அந்த ஊருக்குள் எங்கள் தெரு எப்போதிலிருந்து சேர்ந்தது?

பொழுது சாய மண்ணாங்கட்டி வந்தான். இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிறவன் அவன். அவன் ஆடப் போனதற்கு என்னால் கோபப்பட முடியவில்லை. மில் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

“எவ்ளோ?” என்றான் அண்ணன்.

“ரெண்டுக்கு ஒண்ணு. அவனுங்கதான்.”

“உனுக்கு எங்க எலை போட்டாங்க?”

மண்ணாங்கட்டி குனிந்து, காலில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டான். அண்ணன் நகர்ந்து அவனுக்குப் பாயில் இடம் விட்டான். மீன் குழம்பு இருந்தது. நான் இரண்டு பேருக்கும் தட்டு எடுத்து வைத்தேன்.