மெழுகு வைத்த முட்டை

இருபத்தொரு நாள் முடிந்து அரை நாள் ஆகியும் ஒரு முட்டையில்கூடக் கீறல் விழவில்லை. முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தைக்க வேண்டிய துணி குவிந்து கிடந்தது, கிடக்கட்டும்.

உள்ளே இருந்த எட்டும் என் கோழி கொண்டைக்காரி கடைசியாக இட்டவை. வேனைப் பின்னால் எடுக்கும்போது அவள்மேல் ஏற்றியவர் சாட்சாத் என் வீட்டுக்காரர். "பாக்கல" என்றார். பார்க்காமல் ஓட்ட எதற்கு இரண்டு கண்? அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். இவையும் போனால் அவள் வம்சமே இல்லை. அப்புறம் இந்த மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவேன் என்று எனக்கே தெரியவில்லை.

முட்டையில் பென்சிலால் அடையாளம் போடச் சொன்னார் பெட்டி விற்றவர், திருப்பியதா இல்லையா என்று தெரிய. எனக்கா தெரியாது? போடவில்லை. பதினெட்டாம் நாள் வரை காலையும் மாலையும் தவறாமல் அரைச் சுற்றுத் திருப்பினேன்.

அவர் வந்து கதவோரம் நின்றார்.

"நானும் ஒழுங்காத்தானே திருப்பினேன்..."

"எதை?"

"முட்டைய. காலைல நீ குளிக்கப் போறப்ப, சாயங்காலம் நீ கடைக்குப் போறப்ப. கோவத்துல நீ மறந்துட்டா என்ன பண்றதுன்னு."

நான் திருப்பிவிட்டுத்தான் குளிக்கவும் போவேன், கடைக்கும் போவேன். கையோடு இவர் பழையபடி திருப்பி வைத்திருக்கிறார். பதினெட்டு நாளும் ஒரே பக்கம்! கரு ஓட்டோடு ஒட்டிப் போயிருக்குமே!

"அட பாவி மனுஷா! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? நீதான் என் மூஞ்சியவே பாக்கலயே."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுந்து போகச் சொல்லத் தெம்பில்லை.

டொக்.

மூலையில் ஒரு முட்டை லேசாக ஆடியது. விரிசல் விட்டிருந்ததால் முதல் நாளே நான் மெழுகு வைத்து அடைத்த முட்டை அது. அவர் கை மூடிக்குப் போனது.

"தொறக்காதீங்க! ஈரம் போனா குஞ்சு உள்ளயே மாட்டிக்கும்!"

அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்து ஓடு ஒரு துளி பெயர்ந்து, அலகு நுனி தெரிந்தது.

"இது மட்டும் எப்படிங்க?"

"அத நான் தொடவே இல்ல. மெழுகு உடைஞ்சா, இதையும் கொன்னுட்டேன்னு சொல்லுவியேன்னு பயம்."

மாலை வரை பார்த்தோம். மற்ற ஏழும் அசையவே இல்லை.

"இந்த ஏழையும் நாம ரெண்டு பேரும் சேந்துதாங்க கொன்னோம்" என்றேன்.