சிங்க் பெரிதாக இருந்த வீடு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல. எதிர்வீடு விற்பனைக்கு வந்தபோது அதன் உரிமையாளர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பார்க்க வந்த ஒரு பெண் சமையலறையில் நின்று, "சிங்க் ரொம்பச் சின்னதா இருக்கு" என்றாள். கூட வந்த கணவர் உடனே தலையாட்டினார்.

என் வீட்டிலும் அதே சிங்க்தான். அதில் என் மகளைக் குளிப்பாட்டியிருக்கிறேன்.

அவர்கள் போன பிறகும் கதவைப் பூட்டாமல் நின்றேன். வேறு எதையோ சொல்ல வந்துதான் சிங்க்கைச் சொல்லியிருக்கிறாள். எதை? அது எனக்குத் தெரியாது. எழுதினால் தெரியலாம் என்று உட்கார்ந்தேன்.

2

"வீடு என்பது நான்கு சுவர்களல்ல..." (அடித்துவிட்டேன். நான்கு சுவர்கள்தான். விலை கேட்டவர்களுக்குத் தெரியும்.)

"அவள் சன்னலைத் திறந்தாள், மாலை வெயில் அவள் கன்னத்தில்" (பாதியில் விட்டேன். வெயிலைக் கூப்பிட்டால் எல்லாக் கதையிலும் செய்வதையேதான் இங்கும் செய்யும்.)

மூன்றாவது தொடக்கம் நிலைத்தது: அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள். அவர் பஸ் டிரைவர். நாளின் முதல் பஸ் அவருடையது. மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். சேமிப்பும் கடனும் சேர்ந்து அவர்களுக்கு இரண்டு கதவுகளைத்தான் திறந்தன. பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு படுக்கையறை உள்ள வீடு, அல்லது ஊர்க் கோடியில் இரண்டு உள்ள வீடு.

தரகர் முதல் நாளே சொன்னார். "அண்ணே, எல்லாமே வேணும்னா ஒண்ணுமே கிடைக்காது. எது இல்லாம இருக்கவே முடியாதோ, அத மட்டும் சொல்லுங்க."

"எனக்கு டிப்போ பக்கத்துல இருந்தாப் போதும். மத்ததெல்லாம் வீட்ல சொல்றதுதான்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நல்லா காத்து வரணும்," என்றாள் அவள்.

3

டிப்போவைச் சுற்றியே பார்த்தார்கள். காற்று வந்த வீட்டில் படி செங்குத்தாக இருந்தது. படி சரியாக இருந்த வீட்டில் பக்கத்து நாய் சரியில்லை. நாய் இல்லாத வீட்டில்தான் சிங்க் சின்னது.

"அக்கா, வீட்டைக் கட்டிப் பார்னு சொன்னாங்க, சரி," என்றார் தரகர். "பாத்துக்கிட்டே இருன்னு யாரு சொன்னா?"

டிரைவர்தான் மனைவிக்குப் பரிந்து பேசினார். "நாள் பூரா லென்ஸ்ல கீறல் தேடற கண்ணுங்க அது. குறை தெரியாம இருக்குமா? நீங்க அடுத்ததக் காட்டுங்க."

எனக்கு அவள்மீது சந்தேகம் வந்தது. இவளுக்கு வீடே வேண்டாமோ? இல்லை. அவளுக்கு வேண்டியது இன்னொரு படுக்கையறை. அதில் அவள் மட்டும் படுக்க வேண்டும்.

(கணவர் மோசமானவரா என்று கேட்பீர்கள். ஒரு பிரதியில் அவரைக் குடிகாரராக்கிப் பார்த்தேன். கதை எளிதாகிவிட்டது, அதனாலேயே கிழித்தேன். இவர் தூக்கத்திலும் அவள் போர்வை விலகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து இழுத்துப் போர்த்திவிடுகிறவர். ஒவ்வொரு முறை அந்தக் கை படும்போதும் அவள் விழித்துக்கொள்கிறாள். விழித்தது தெரியாமல் படுத்திருக்கிறாள். இத்தனை வருடங்களாக.)

இதை எப்படிச் சொல்வது? "தனி அறை" என்றால் "நீங்கள் வேண்டாம்" என்றல்லவா அவர் காதில் விழும்? போதாக்குறைக்கு அந்த அறையின் விலை அவருடைய தூக்கம். ஊர்க் கோடியிலிருந்து, முதல் பஸ்ஸை ஓட்டுகிறவரை டிப்போவுக்குக் கொண்டுவிட எந்த பஸ் வரும்?

4

ஒரு நாள் அவர் அவளுடைய கடைக்கு போன் செய்தார். "வீடு ஒண்ணு பாத்திருக்கேன். ஒண்ணும் கேக்காம வா."

தரகரைக் கீழேயே நிறுத்திவிட்டு அவரே சுற்றிக் காட்டினார்.

"படி பாத்தியா? பீரோவத் தூக்கிட்டே ஏறலாம். காத்து பாரு, காலண்டர் நிக்குதா? பக்கத்து வீட்ல பூனைதான். அதுவும் வயசான பூனை, நானே போய் விசாரிச்சேன். இப்ப இங்க வா... இந்தா, சிங்க்!"

சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை உள்ளே விட்டுக் காட்டினார். சன்னலுக்கு வெளியே டிப்போவின் கூரை தெரிந்தது. படுக்கையறை ஒன்று.

அவள் சொன்ன பொய்களையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சேர்த்து, ஒரு வீடாக அவள்முன் நிறுத்தியிருந்தார் அந்த மனிதர்.

இந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை.

5

ஒரு முடிவு: "நல்லாயிருக்குங்க" என்கிறாள். வாங்குகிறார்கள். (நிறையப் பேர் செய்வது இதைத்தான். எழுதியும் வைத்தேன். அந்த நல்ல காற்றில் அவள் கண் திறந்தபடி படுத்திருந்தாள். தாங்கவில்லை.)

இன்னொரு முடிவு: அவள் சொல்கிறாள். அவர் சிரித்து, "எனக்கும் அதே ஆசைதான்" என்கிறார். (இவ்வளவு வசதியான கணவர் கதையில்தான் கிடைப்பார். இது கதைதான், ஆனாலும் மனம் ஒப்பவில்லை.)

6

"என்னங்க."

"பிடிக்கலையா? பரவால்ல, சொல்லு. விட்டுடலாம்."

"சிங்க் நல்லாத்தான் இருக்கு. அந்த வீட்லயும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் புரியாமல் பார்த்தார்.

"எனக்கு ராத்திரி படுக்கத் தனியா ஒரு ரூம் வேணும். உங்க மேல கோவம்லாம் இல்ல. சத்தியமா இல்ல. அதுல நான் மட்டும் இருக்கணும். அவ்ளோதான்."

அவர் மடித்த சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டார். பொத்தான் மாட்ட வரவில்லை. அவள் மாட்டிவிட்டாள்.

("நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று அவருக்கு எழுதிக் கொடுத்தேன். "முன்னாடியே சொல்ல வேண்டியதுதான?" என்றும். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டையும் அவர் கேட்கவில்லை.)

"கதவு சாத்தியிருந்தா," என்றார், டிப்போ பக்கம் பார்த்துக்கொண்டே, "தட்டலாமா?"

எந்த வீட்டை வாங்கினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் அவர் தூக்கம், மறுபக்கம் அவள் தூக்கம். ஆனால் அவசரம் வேண்டாம். தரகர் இன்னும் கொஞ்ச நேரம் கீழே நிற்கட்டும். முதலில் அவள் அவருக்குப் பதில் சொல்லட்டும்.