இரவுப் பலகையில் இருந்த அட்டை

கடிதம் சம்பளச் சீட்டோடு சேர்த்துக் குத்தப்பட்டு வந்திருந்தது. மூன்றே வரி. கடந்த ஏழு மாதமாக இரவுப்படி தவறுதலாக வழங்கப்பட்டிருக்கிறது. முழுத் தொகையும் அடுத்த மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும். இசைவு தெரிவித்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்.

மடிப்பக்கா அதை இரண்டு முறை படித்து, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். சலவை ஆலையில் அவளுக்கு அதுதான் பெயர். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் கொடுப்பது அவள் வேலை. ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் கூட்டாளி. ஈரம் முழுதும் காயாத விரிப்பை இரண்டு பேரும் ஆளுக்கொரு நுனியில் பிடித்து ஒரே நேரத்தில் நீட்ட வேண்டும். ஒரு நுனி அரை விரற்கடை முந்தினாலும் போதும், விரிப்பு கோணலாக உள்ளே போய் நடுவில் சுருக்கம் விழுந்துவிடும். அதனால் பேச்செல்லாம் கண்ணை உருளையில் வைத்துக்கொண்டேதான்.

"என்னக்கா, மூஞ்சி இப்படி இருக்கு?"

அவள் சொன்னாள்.

"கிழிச்சுப் போடுங்க. குடுத்தது அவங்க தப்பு. நாம போய் வழிப்பறியா பண்ணினோம்?"

"வாங்கினது நான்தானே தம்பி."

"வாங்கினதைத் தின்னாச்சு. வயித்துலேர்ந்து எடுத்தா குடுப்பீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கணக்கு சிரிக்கும்படியாக இல்லை. இரவுப்படி என்பது சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. ஏழு மாதத்துக்கு ஏழு பங்கு போனால் கையில் நிற்பது மூன்று பங்கு. மகளின் எக்ஸ்ரே படிப்புக்குக் கடைசிக் கட்டணத்தை அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதற்கே நான்கு பங்கு வேண்டும். கட்டாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

இந்தத் தவறு எப்படி நடந்தது என்பதை அவள் பகல் உணவு இடைவேளையில் சுவரைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். ஆலையில் வருகை அட்டைகளுக்கு இரண்டு பலகைகள். பகல்காரர்களின் பலகை கொதிகலன் அறைக் கதவையொட்டி இருக்கிறது. இரவுக்காரர்களின் பலகை வாசலோரம். கதவு திறக்கும்போதெல்லாம் நீராவி வந்து பகல் அட்டைகளை நமுக்கவைக்கும். நமுத்த அட்டை நேரம் அடிக்கும் கடிகாரத்துக்குள் நேராக இறங்காது. மணி ஒன்றன்மேல் ஒன்றாக விழும், இல்லையென்றால் அட்டையே சிக்கிக்கொள்ளும். ஏழு மாதத்துக்கு முன் இரவு வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாறியபோது மடிப்பக்கா தன் அட்டையை மட்டும் மாற்றவில்லை. காய்ந்த இடத்தில் மொடமொடவென்று இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மாதக் கடைசியில் கணக்கர் வருவார். எந்தப் பலகையில் அட்டை இருக்கிறதோ அந்தக் கட்டில் சேர்ப்பார், வருகையை எண்ணுவார், இரவுக் கட்டுக்குப் படி போடுவார். முடிந்தது வேலை.

படி நின்றுபோய்ச் சம்பளம் குறையும் என்று அவளும் எதிர்பார்த்திருந்தாள். அதே மாதம் வருடாந்தர உயர்வு வந்ததால் சரியாகப் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சரியாகப் போனதற்கும் மேலேயே இருந்தது என்பது உள்ளூரத் தெரியாமலும் இல்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்கப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

அன்று சாயங்காலம் மகள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "விடும்மா, அடுத்த வருஷம் எழுதிக்கறேன்," என்றாள். பெரிய மனது பண்ணிச் சொல்வதுபோல் சொன்னாலும் குரல் இறங்கித்தான் இருந்தது.

"வாயை மூடிக்கிட்டு அந்தத் தகர டப்பாவை எடு."

டப்பாவில் சம்பளச் சீட்டுகள் இருந்தன. ஏழையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். மகள் ஒன்றை எடுத்து, பாடப் புத்தகத்தில் கோடு போடுகிறவள் மாதிரி விரலை ஓட்டினாள்.

"அம்மா, படின்னு பத்துல ஒரு பங்கு போட்டிருக்காங்க. ஆனா அதையும் மொத்தத்துல சேர்த்துத்தானே வரியும் சேமநிதியும் பிடிச்சிருக்காங்க?"

"ஆமாம்."

"அப்போ அது முழுசா உன் கைக்கு வரவேயில்லையே. அஞ்சுல நாலு பாகம்தான் வந்திருக்கு. மிச்சம் வரிக்கும் நிதிக்கும் போயிடுச்சு. வராததையும் சேர்த்துல்ல கேக்கறாங்க?"

மடிப்பக்கா மூன்றாவது சீட்டை எடுத்தாள். அந்த மாதம் இரவு இஸ்திரிக்காரி பிரசவத்துக்குப் போயிருந்தாள். இரண்டு வாரம் நிஜமாகவே இவள் இரவில் நின்றாள். அந்த அரைப் பங்கு அவளுடையது. ஏழு ஆறரையாயிற்று. ஆறரையில் கைக்கு வந்தது ஐந்து பங்கும் சொச்சமும். தாளில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

மறுநாள் கணக்கரின் அறைக்குப் போனாள். கழுத்தில் தொங்கும் கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருக்கும் மனிதர் அவர். தாளைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"ரெண்டு வாரக் கணக்கு சரிம்மா. வரி, நிதி விஷயமும் சரிதான். அதை நாங்க அந்தந்த இடத்துல எழுதித் திரும்ப வாங்கணும். குறைச்சுடலாம்."

"மிச்சத்தை ஒரே மாசத்துல குடுக்க முடியாது சார். பத்து மாசமா பிடிச்சுக்குங்க."

கணக்கர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே தடவைன்னா இங்கயே முடிஞ்சுடும். தவணைன்னா படிவம் தலைமை அலுவலகத்துக்குப் போகணும்."

"போகட்டுமே."

"அதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா." குரலைத் தாழ்த்தினார். "ஏழு மாசம் யார் பார்க்காம விட்டதுன்னு கேப்பாங்க. எனக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டே வருஷம்."

அவள் அப்போதுதான் அந்த மூன்று வரிக் கடிதத்தைப் புரிந்துகொண்டாள். அவசரம் ஆலைக்கு இல்லை, இவருக்குத்தான். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. இருவருமே ஒரு நுனியை விட்டுவிட்டு மற்றவர் இழுப்பார் என்று இருந்தவர்கள்தான்.

"படிவத்தைக் குடுங்க. காரணத்தை நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. அட்டையை இடம் மாத்தி வைக்காதது நான். பகல் பலகை நமுத்துப் போகுதுன்னு வாய் திறந்து சொல்லாததும் நான். படி நிக்கலைன்னு தெரிஞ்சும் கேக்காம இருந்தேன், அதையும் எழுதுங்க."

"எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்கறீங்களா?"

"அவ்வளவு நல்லவ இல்லை சார் நான். நீங்க பலகையைப் பார்த்தீங்க, அட்டையில அடிச்சிருக்கற மணியைப் பார்க்கலை. அதுவும் வரணும். பாதி பாதி."

கணக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்தார். காரணக் கட்டம் சின்னது. எழுத்தைப் பொடியாக்கி, ஓரத்தில் வளைத்து, இரண்டு பாதியையும் எழுதி முடித்தார்.

ஒன்பதாம் நாள் அவரே இஸ்திரி உருளை வரைக்கும் நடந்து வந்தார். இரைச்சலில் கத்த வேண்டியிருந்தது.

"பத்துத் தவணை! ஒத்துக்கிட்டாங்க!"

"உங்களுக்கு?"

"விளக்கம் கேட்டு ஒரு கடுதாசி வந்திருக்கு. எழுதிக் குடுத்தா போதுமாம்." கொஞ்சம் தயங்கிச் சேர்த்தார். "பகல் பலகையையும் இடம் மாத்தறாங்களாம்மா."

"பார்த்தீங்களாக்கா, கிழிச்சுப் போட்டிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?" என்றான் நெட்டையன், அந்த யோசனையைச் சொன்னதே தான் இல்லை என்பதுபோல.

"நுனியைப் பாரு தம்பி," என்றாள் மடிப்பக்கா. விரிப்பு நேராக உள்ளே போனது. பத்துப் பங்கில் அரைப் பங்குக்குச் சற்று மேலே மாதாமாதம் குறையும். கட்டணம் ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடலாம். அடுத்த விரிப்பை உதறிப் பிடித்தபடி, மகளிடம் இதை எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று யோசித்தாள்.