ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று

டைல்ஸ்காரரின் மனைவிக்கு எண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. பஸ் எண்ணோ போன் எண்ணோ, எதனால் வகுபடும் என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. எதற்கும் மசியாத பகா எண் ஒன்று சிக்கிவிட்டால் அன்றைக்குத் தலைகால் புரியாது.

புது மருத்துவமனையில், ரத்தம் கொடுத்தவர்களின் பெயரும் கட்டைவிரல் ரேகையும் பதிந்த குட்டி டைல்களைச் சுவரில் ஒட்டும் வேலை புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வந்தது. பத்தாயிரம் என்று சொன்னார்கள். வந்து சேர்ந்தது 9991. நூறுக்கு நூறாகத் தரையில் பரப்பினால், ஒரு மூலையில் மட்டும் மூன்றுக்கு மூன்று காலி.

"மூலை மொட்டையா இருக்கக்கூடாது. நாலு நாள்ல திறப்பு, புதுசா சுடவும் நேரமில்லை" என்றார் இன்ஜினியர்.

"வேற நீள அகலத்துல அடுக்கலாமே?" என்றார் டைல்ஸ்காரர்.

அதை அவள் நேற்றே பார்த்தாயிற்று. நூறை நூறால் பெருக்கினால் வருவதைவிடச் சின்ன எண்தானே? நூறுக்குள் இருக்கும் இருபத்தைந்து பகா எண்களால் வகுத்தால் போதும். இருபத்தைந்தையும் எண்ணி எண்ணி வகுத்தாள். எல்லாவற்றிலும் மீதி.

"இது பகா எண்ணுங்க. ஒரே வரிசையா நீட்டினாத்தான் உண்டு."

"அப்போ ஒண்ணை எடுத்துடுங்க. தொண்ணூறுக்கு நூத்திப் பதினொண்ணு. யாருக்குத் தெரியப்போகுது?" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் போய்விட்டார்.

யாரை எடுப்பது? ஊரான் ரேகையில் கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. கணவர் பசை கலக்கப் போன நேரம் பார்த்து, நடுவிலிருந்த தன்னுடையதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். ஊசி என்றாலே மயங்கி விழுகிறவள், தங்கையின் பிரசவத்தன்று பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்த ரத்தம் அது.

எரிச்சலோடு அந்த மொட்டை மூலையையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஓரத்து மூன்று வரிசைகள்தான் குட்டை, வரிசைக்குத் தொண்ணூற்றேழு. மற்றவை நூறு நூறாகத் தொண்ணூற்றேழு வரிசை. அட! குட்டை மூன்றையும் தூக்கிப் பக்கத்தில் நெடுக்காக நிறுத்தினால்?

"என்னங்க, ஓடி வாங்க!"

இருவரும் மண்டிபோட்டு நகர்த்தினார்கள். தொண்ணூற்றேழு வரிசை, வரிசைக்கு நூற்று மூன்று. மூலை நறுக்கென்று நிறைந்தது.

"பகா எண்ணுன்னு சத்தியம் பண்ணினியே?"

அவள் விரல்விட்டு மறுபடி எண்ணினாள். முகம் சிவந்தது. ஏழையும் பதிமூன்றையும் பெருக்கினால் வருகிற தொண்ணூற்றொன்று, பகா எண் வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. கணக்கு இருபத்தைந்து வந்துவிட்டதே என்று, தொண்ணூற்றேழைத் தொடாமலே நிறுத்தியிருக்கிறாள்.

"சனியன் பிடிச்ச தொண்ணூத்தொண்ணு!" என்று அவள் சிரிக்க, அவர் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு டைல் அளவுக்குத் தரை தெரிந்தது. அது யாருடைய இடம் என்று அவருக்குத் தெரியும். ஒட்டுவதற்கு முன் அவர் முதலில் தேடிப் பார்த்துவைத்ததே அதைத்தான்.

"உன்னையே எடுத்துட்டியா? நாளைக்கு உன் தங்கச்சி பொண்ணு வந்து பெரியம்மா எங்கன்னு கேட்டா, நான் எதைக் காட்டுவேன்?"