கேமராவின் நோட்டும் எட்டு வக்காக் கூடுகளும்

1

இந்தக் கதை மரியாதையான காரணத்துக்காகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அரசாங்கத்துக்கு நாலு வரி விளக்கம் எழுதித் தரச் சொன்னாள் எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரி. (மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். தெருவில் பாதிப் பேரின் மூக்கில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.)

"இந்த நோட்டு யாருது, எதுக்கு எழுதினது, அவ்வளவுதான்க்கா" என்றாள்.

நாலு வரியில் விஷயத்தை முடிக்கத் தெரிந்தவளாக இருந்தால் இந்தத் தெருவில் ஒன்றையும் விடாமல் பார்த்துச் சொல்லும் எனக்குக் 'கேமரா' என்று ஏன் பெயர் வைக்கப்போகிறார்கள்?

விளக்கம் எழுதக் கொடுத்த படிவத்தின் அடியில் 'அடித்தல் திருத்தல் கூடாது' என்று அச்சடித்திருக்கிறது. எனவே தப்பாகத் தொடங்கிய வாக்கியங்களை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன். பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டி வாருங்கள். நான் அப்படித் தாண்டியதே இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

2

சிறுவயது முதலே இயற்கையை நேசித்து வந்த நான்

(பொய். எனக்கு இலை என்றால் குப்பை, பறவை என்றால் கொடியில் காயும் துணிக்கு ஆபத்து.)

மனிதகுலத்துக்குப் பறவைகள் ஆற்றிவரும் அரும்பணி

(இது பள்ளிக்கூடக் கட்டுரை. நான் எழுதினால் என் வீட்டுக்காரரே நம்பமாட்டார்.)

எங்கள் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதில் எட்டு வக்காக் கூடுகள் இருக்கின்றன.

இது உண்மை. இங்கிருந்து போகலாம். வக்கா என்பது கொக்குச் சாதிதான். ஆனால் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டில் சரியான உபசரிப்பு கிடைக்காதவர்போல் உட்கார்ந்திருக்கும். பகலெல்லாம் தூக்கம், பொழுது சாய்ந்தால் வேலைக்குக் கிளம்பிவிடும். அந்த மரத்தின் அடிமரத்தில் நகராட்சிக்காரர்கள் சிவப்புப் பெயிண்டில் ஒரு எண் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். எண் எழுதினால் வெட்டப்போகிறார்கள் என்று அர்த்தம், வருகிற பதினெட்டாம் தேதி வெட்டு. கூடுகளில் குஞ்சுகள் இருக்கின்றன, இன்னும் பறக்கத் தெரியாது.

3

கண்ணாடிக்காரி சும்மா இருப்பவள் அல்ல. மாநில அரசு ஒரு விதி கொண்டுவரப் போகிறது, வரைவு வெளியாகியிருக்கிறது: பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் மரங்களையும் நீர்நிலைகளையும் பட்டியல் போட வேண்டும், கூடு கட்டும் மாதங்களில் அங்கே யாரும் கோடரியோடு போகக் கூடாது. இதை ஆதரித்துக் கையெழுத்து வாங்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கடையில் கண் பரிசோதிக்கும் பலகையில் வழக்கமான எழுத்துகளை எடுத்துவிட்டு அந்த விதியையே ஒட்டிவிட்டாள். மேலே யானை சைஸில் 'மரம்'. அடுத்து 'கூடு'. அப்படியே சிறுத்துக்கொண்டே போய்க் கடைசி வரி கடுகளவில்: 'கூடு கட்டும் மாதங்களில் வெட்டுவதைத் தடை செய்க.'

கடைசி வரியைப் படித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். படிக்க முடியாதவர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் தப்பவில்லை.

"நம்ம மரத்துக்கு நீ ஓடுறே, சரி. மாநிலம் பூரா எதுக்கும்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மரத்துக்கு ஒரு ஆள்னு எத்தனை பேர்க்கா ஓடுறது? விதின்னு ஒண்ணு வந்துட்டா மரம் தன் கால்லயே நின்னுக்கும்."

போன வாரம் கையெழுத்துகளைக் கொடுக்க இருவரும் அரசு அலுவலகத்துக்குப் போனோம். மனு வாங்கும் குமாஸ்தா கையெழுத்துக் கட்டைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"ஆதரவெல்லாம் சரிம்மா. உங்க மரம் முதல் பட்டியல்ல ஏறணும்னா மூணு வருஷம் விடாம பார்த்து எழுதின பதிவு வேணும். தேதியோட, நேரத்தோட. பதிவை வாங்கி வெச்சுட்டாலே, பட்டியல் முடிவாகிற வரைக்கும் வெட்டு தானா நின்னுடும்."

"மூணு வருஷம் ஒரே மரத்தை விடாம யார் சார் பார்த்துட்டு இருப்பாங்க? வேற வேலை கிடையாதா?" என்று சீறினாள் கண்ணாடிக்காரி.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: இத்தனை வருஷத்தில் 'உனக்கெப்படித் தெரியும்?' என்று என்னை விரட்டியவர்கள்தான் உண்டு. பதிவு இருக்கிறதா என்று அரசாங்கமே கேட்கிறது. பெருமை தலைக்கு ஏறிவிட்டது.

"என்கிட்ட இருக்கு" என்றேன்.

கண்ணாடிக்காரி அந்த ஹாலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்குமேல் குமாஸ்தாவின் குரல் கேட்டது: "அசல் நோட்டுதான் வேணும். பக்கம் கிழிஞ்சிருக்கக் கூடாது. வெளியில மேஜை மேல முப்பது நாள் இருக்கும். யார் வேணா வந்து புரட்டிப் பார்க்கலாம்."

அவள் கைகளை மெல்ல விலக்கினேன்.

4

நோட்டிலிருந்து ஒரு காலை:

*6.05. இரண்டாம் கிளைக்காரர் வேலை முடிந்து திரும்பினார். வாயில் மீன். வீட்டம்மா முகம் கொடுக்கவில்லை. 6.20. மாமியார் குளிக்கப் போனதும் இன்ஜினியர் வீட்டு மருமகள் போனில் சிரித்தாள். 6.40. நான்காம் கிளையில் குச்சித் திருட்டு. திருடியவரை எனக்குத் தெரியும். 6.45. மருமகள் இன்னும் சிரிக்கிறாள்.*

பறவையையும் மனிதரையும் ஒரே பேனாவால், ஒரே வரியில், ஒரே ஆசையோடு எழுதியிருக்கிறேன். இதில் எதை எடுத்து எதை விடுவது?

"பறவையை மட்டும் புது நோட்டுல காப்பி பண்ணிடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"அசல்தான் வேணுமாம்."

அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கியா?"

"உங்களைப் பத்தி எழுத என்னங்க இருக்கு?"

நிம்மதியாகத்தான் தலையாட்டினார். ஆனால் அன்று மாலை தன்பாட்டுக்குப் பால்கனியில் போய், மரத்தடியைப் பார்த்தபடி மர்மமாக நின்றுகொண்டிருந்தார்.

5

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். மரத்தை வெட்டச் சொல்லி மூன்று வருஷத்துக்கு முன் நகராட்சிக்கு மொட்டைக் கடிதம் போட்ட ஆள்தான் வில்லன். இன்ஜினியரை அந்த இடத்தில் வைக்கலாம் என்று நினைத்தேன். அவர் கார் மரத்தடியில்தான் நிற்கிறது, எச்சத்தில் வெள்ளையடித்ததுபோல் இருக்கும். தோதான ஆள். ஆனால் அவர் பாவம், காருக்கு உறை வாங்கிப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார். கண்ணாடிக் கடையில் கடைசி வரியைக் கண்ணாடியே இல்லாமல் படித்தவர் வேறு. வில்லன் வேஷம் அவருக்குப் பொருந்தவில்லை.

ஆகையால் அந்தக் கடிதத்தை எழுதியவர்

எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கும் ஒரு நியாயம்

சரி. முதல் நோட்டின் முதல் பக்கத்தை அப்படியே தருகிறேன்:

*மரம் மறைக்கிறது. எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரி கூடம் தெரியவில்லை. பறவை எச்சத்தால் சுகாதாரக் கேடு என்று நகராட்சிக்கு எழுதிப் போட்டேன். பெயர் போடவில்லை.*

கிணற்றில் போட்ட கல் என்று நினைத்தேன். தெருவிளக்கு எரியவில்லை என்று ஏழு கடிதம் போட்டிருக்கிறோம், ஒன்றுக்கும் அசையாத நகராட்சி. மூன்று வருஷம் கழித்து இந்த ஒன்றுக்குப் போய் அசைந்துவிட்டது.

மரம் விழுவதற்காகக் காத்திருந்த நாட்களில் எனக்குப் பார்க்க மனிதர் கிடைக்கவில்லை. கிளைதான் தெரிந்தது, கிளையில் இவர்கள். பார்க்கிற கண் சும்மா இருக்குமா? வம்பாகத்தான் தொடங்கியது. போன வருஷம் ஐந்தாம் கிளைக் குஞ்சு கீழே விழுந்து செத்தபோது, தாய் வந்து வெறும் கூட்டில் மீனைப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. அன்றைய பக்கத்தில் நான் மனிதர் ஒருவரைப் பற்றியும் எழுதவில்லை. பிற்பாடுதான் கவனித்தேன்.

அந்த மொட்டைக் கடிதத்தின் நகலை நகராட்சியில் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு, எழுதியவரைக் கண்ணாடிக்காரி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"ஆள் மட்டும் கையில கிடைக்கட்டும்க்கா. நல்ல பவர்ல ஒரு கண்ணாடி மாட்டி, மரத்தடியில நாள் பூரா அண்ணாந்து உட்கார வெச்சுடறேன். வாயை மூடக் கூடாதுன்னும் சொல்லிடுவேன்."

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். எனக்கே தெரிந்தது, தேவைக்குமேல் சிரித்தேன்.

6

நோட்டைக் கொடுக்க இன்று கடைசி நாள். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். முடிவுகளைக் கொட்டி வைத்துப் பார்க்கிறேன்.

முதல் முடிவு: முதல் பக்கத்தை மட்டும் கிழித்துவிடுகிறேன். (கிழிந்தால் வாங்கமாட்டார்கள்.)

இரண்டாம் முடிவு: நோட்டைக் கரையான் அரித்துவிட்டது என்கிறேன். மரம் விழுகிறது. எதிர்வீட்டுக் கூடம் பளிச்சென்று தெரிகிறது. குஞ்சுகள் விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது. நான் மூன்று வருஷம் ஆசைப்பட்ட காட்சி. (என்னால் இதை எழுத முடியவில்லை.)

மூன்றாம் முடிவு: முழுசாகக் கொடுக்கிறேன். இன்ஜினியர் வீட்டில் பூகம்பம். என்னோடு தெருவில் ஒருவரும் பேசமாட்டார்கள். கண்ணாடிக்காரி முதல் பக்கத்தைப் படிக்கிறாள்

7

மேலே உள்ள வாக்கியம் நின்றதற்குக் காரணம் போன்.

"அக்கா, கிளம்பிட்டேன். நோட்டு ரெடிதானே? எதையும் கிழிச்சிடாதீங்க. முதல் பக்கத்துலேர்ந்து முழுசா வேணும்."

"முதல் பக்கம் எதுக்கும்மா? அதுல பறவையே இல்லையே."

அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். எவ்வளவு மௌனம் என்று கேட்டால், ஒரு ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்ளும் அளவு.

"அந்தத் தேதியிலேர்ந்து எண்ணினாத்தானேக்கா மூணு வருஷம் ஆகுது" என்றாள். வைத்துவிட்டாள்.

எண்ணிப் பார்த்தேன். சரிதான். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் ஒரு நாள் குறைகிறது.

ஆனால் முதல் பக்கத்தின் தேதியை நான் அவளிடம் சொல்லவே இல்லை. மொட்டைக் கடிதத்தின் நகல் அவள் ஃபைலில் இருக்கிறது. அதில் தேதி இருக்கிறது, என் கையெழுத்தின் கோணலும் இருக்கிறது. தெரிந்துதான் கேட்டாளா, குமாஸ்தா சொன்னதைத் திருப்பிச் சொன்னாளா? இத்தனை வருஷம் எல்லார் வீட்டையும் படித்தவளுக்கு ஒரு மௌனத்தைப் படிக்கத் தெரியவில்லை.

இதோ தெருவைக் கடக்கிறாள். ஃபைலைத் தலைக்குமேல் பிடித்திருக்கிறாள். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறாள். அப்படியே, கிளைகளின் சந்து வழியாக, என் ஜன்னலைப் பார்க்கிறாள். நல்ல கண்ணாடிதான் போட்டிருக்கிறாள்.

படியில் செருப்புச் சத்தம். இனி என்னால் பார்த்துக்கொண்டே எழுத முடியாது, எழுந்து போக வேண்டும். இவ்வளவு நேரம் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தீர்களே, நீங்களும் நம்ம ஆள்தான். பேனாவைப் பிடியுங்கள். தேதி போட்டாயிற்று. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்:

*மாலை 4.25. எட்டுக் கூட்டிலும் குஞ்சுகள் உண்டு. எதிர்வீட்டுக்காரி மணி அடித்தாள். கேமரா கதவைத் திறந்தாள். கையில் ____________*

அடித்தல் திருத்தல் கூடாது.