ஒற்றைக்கண் மர மீன்

பயணத்தின் மூன்றாவது, கடைசி நாள் காலையில் ஆர்லன் ட்வெய்ட் கட்டிலை விட்டு எழும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. கோல்ஃப் பயணம் என்றால் ஓய்வு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, மின்னசோட்டாவின் பனியிலிருந்து அரிசோனா பாலைவனத்துக்குப் பறந்து வந்து, விடிந்தால் ஒரு மைதானம், சாப்பிட்டால் இன்னொரு மைதானம் என்று அலைவதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தவனுக்கு முட்டி நல்ல முட்டியாக இருந்திருக்க வேண்டும்.

ஆனாலும் வந்தார்கள். ஆர்லன், கோர்டி மாக்கி, வெண்டல் ரூட் மூவரும் ஒரே காகித ஆலையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். வருஷா வருஷம் மார்ச்சில் இந்தப் பயணம் உண்டு. பயணத்தின் கடைசியில் யார் ஆட்டம் மோசமோ, அவர் அந்த மீனை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அது வெண்டல் எந்தக் காலத்திலோ மரத்தில் செதுக்கிய மீன். பன்றிக்கும் மீனுக்கும் பிறந்தது போல இருக்கும். கண்ணாகப் பதித்த பாசிமணி ஒன்று எப்போதோ விழுந்துவிட்டது. அதை அடுத்த மார்ச் வரை வரவேற்பறையில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. போன வருஷம் தோற்றது கோர்டி.

ஆர்லன் தோற்கவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம். ஏனென்றால் இரண்டு வருஷமாக அவருடைய பார்வையின் நடுவில் ஒரு புகை உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் தெரிவது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. இது இனித் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மனைவி ஐரீனுக்குத் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தாலும் கூப்பிடத்தான் செய்வார்கள். ஆனால் நோயாளியைக் காற்று வாங்கக் கூட்டிப்போவது போலக் கூப்பிடுவார்கள். அதற்கு வீட்டிலேயே உட்கார்ந்து ஐரீனோடு ரேடியோ கேட்கலாம். ஆட்டக்காரனாக வர முடிந்தவரை வருவது, முடியாத வருஷம் முதுகுவலி என்று சொல்லி நின்றுவிடுவது, இதுதான் அவருடைய திட்டம்.

அன்றைக்குப் போனது நகராட்சி மைதானம். எவன் வேண்டுமானாலும் வரலாம், அதனால் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆட்களை வரிசையாக உள்ளே விடுகிற பெரியவர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மூணு பேர்தானா? இன்னிக்கு மூணு பேரை எல்லாம் தனியா விட முடியாது. இந்த அம்மாவையும் சேத்துக்கோங்க."

அந்த அம்மாள் பெயர் டெல்ஃபினா கிஹாடா. உள்ளூர்க்காரி. நீதிமன்றத்தில் சொல்வதைச் சொன்னபடி எழுதுகிற வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அகலத் தொப்பி போட்டிருந்தார், பையில் மட்டைகள் பளபளவென்று இருந்தன. எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு, "நான் வேகமா ஆடுவேன். பேச்சும் கொஞ்சம் வேகம்தான். தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

மைதானத்து மின்வண்டி ஒன்றில் அவரும் கோர்டியும் ஏறிக்கொண்டார்கள். இன்னொன்றில் வெண்டலும் ஆர்லனும். மீன் வெண்டலின் வண்டியில், முன் கூடைக்குள் கிடந்தது.

பாலைவன மைதானத்தில் புல் என்பது நடுவில் போட்ட பாய் மாதிரி. பாயை விட்டுப் பந்து நழுவினால் இரு பக்கமும் சரளை, முள், கள்ளி, காய்ந்த ஓடை. உள்ளே போன பந்தைத் தேடுவதில் பாதி உயிர் போகும். கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டம். ஆர்லன் பந்தைக் கொஞ்சம் சாய்ந்து பார்த்து, ஓரக் கண்ணால் பிடித்து அடித்துவிடுவார். பழகின கை. அடித்த பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் தெரியாது. கோர்டியின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார்.

"நேரா, நேரா. அருமை," என்பார் கோர்டி.

ஒரு காலத்தில் இந்த கோர்டி இப்படியா பேசுவார்? ஆர்லனின் அடியைப் பார்த்து, கோழி விரட்டுகிறாயா என்று கேட்ட வாய் அது. போன வருஷத்திலிருந்து அந்த வாயில் கேலியே வருவதில்லை. வெண்டலும் அப்படித்தான், பக்குவமாகப் பேசினார். கிழமாகிவிட்டோம், பல்லோடு சேர்ந்து குசும்பும் விழுந்துவிட்டது என்று ஆர்லன் நினைத்துக்கொண்டார். அதை நினைத்தால் இடுப்புவலியைவிட அதிகமாக அலுப்பு வந்தது.

முன்னால் போன கூட்டம் பியர் குடித்துக்கொண்டு ஊர்ந்தது. ஒவ்வொரு குழியிலும் காத்திருப்பு. வெயில் ஏறியது. பாதி ஆட்டம் தாண்டியபோது ஆர்லனுக்குக் கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. அந்தக் களைப்பில் அடித்த அடி சரியாக விழவில்லை. அவர் காதில் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. பாறை.

எல்லாரும் இறங்கித் தேடினார்கள். சற்று நேரத்தில் கோர்டி கையைத் தூக்கினார்.

"இதோ கிடக்குடா. புல்லு ஓரத்துலேயே நிக்குது. உனக்கு மச்சம்டா."

டெல்ஃபினா அங்கேயே இடுப்பில் கை வைத்து நின்றார். "அது எப்படி? பாறையில பட்டு அந்தப் பக்கம் ஓடைக்குள்ள போனதை நான் பாத்தேனே."

"திரும்பி எகிறியிருக்கும்," என்றார் வெண்டல்.

"இல்லை. உள்ளே போச்சு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

மூவரும் மின்னசோட்டாவின் வடக்கத்திக்காரர்கள். வீடு பற்றி எரிந்தாலும், இன்றைக்குக் கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறக்கிற ஆட்கள். கோர்டி தொப்பியைச் சரி செய்தார். வெண்டல் தூரத்து மலையைப் பார்த்தார். ஆர்லன் அந்தப் பந்தையே ஆடினார்.

குழிக்குப் பக்கத்தில் வந்ததும், பந்து கிடந்த இடத்தில் ஒரு காசை வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தார். ஒவ்வொருவரும் தன் பந்தை அடையாளம் காண ஏதாவது குறி போட்டுக்கொள்வது வழக்கம். ஆர்லனுடைய குறி இரண்டு பச்சைப் புள்ளி. ஐரீன் சமையல் மேஜையில் உட்கார்ந்து, ஊரிலேயே எல்லாப் பந்துக்கும் போட்டுக் கொடுத்திருந்தாள். பந்தைக் கண்ணுக்கு ஓரமாகக் கொண்டுபோய்ப் பார்த்தார். புள்ளி இரண்டும் இருந்தன. கட்டைவிரலால் துடைத்தார். விரல் பச்சையானது.

மை இன்னும் காயவே இல்லை.

அவர் பந்தைக் குழிக்குள் தள்ளினார். வண்டியில் போய் உட்கார்ந்தார். அடுத்த இரண்டு குழிகளை எப்படி ஆடினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கோபம் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்து நன்றாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. போன வருஷம் ஜெயித்ததாக ஐரீனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! கண் போனாலும் கை போகவில்லை என்று பீற்றிக்கொண்டாரே! காற்று வாங்க வந்த நோயாளியாகத்தான் அப்போதும் இருந்திருக்கிறார். அவருக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

முன்னால் மறுபடியும் கூட்டம் நின்றது. கோர்டியும் வெண்டலும் தண்ணீர் பிடிக்கப் போனார்கள். சீமைக்கருவேல மரத்தின் அரை நிழலில் டெல்ஃபினா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஆர்லன் பக்கத்தில் போய் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். இருக்கிறதை இருக்கிறபடி சொல்லணும்."

"எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

"என் பந்து காலையிலிருந்து எத்தனை தடவை முள்ளுக்குள்ள போச்சு?"

அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "போகாத தடவையைக் கேட்டா சுலபமா சொல்லிடுவேன். உங்க சிநேகிதர் கால்சட்டைப் பாக்கெட் ரெண்டும் பந்து. வண்டி குலுங்கும்போதெல்லாம் என் தொடையில இடிக்குது. பச்சைப் பேனா வேற வெச்சிருக்கார். முதல்ல ஏமாத்துறார்னுதான் நினைச்சேன். தனக்காக ஏமாத்துற ஆளை நிறையப் பாத்திருக்கேன். அடுத்தவன் ஜெயிக்க ஏமாத்துறவரை இன்னிக்குத்தான் பாக்குறேன்." பாதி ஆரஞ்சை நீட்டினார். "சாப்பிடுங்க. மூஞ்சி வெளுத்துப்போச்சு."

வாங்கித் தின்றார். இனிப்பாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

கடைசிக் குழி. சூரியன் நேரே முகத்தில் அடித்தது. ஆர்லன் மட்டையைச் சுழற்றினார். வேண்டுமென்றே கோணலாக அடிக்கவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. பந்து தானாகவே வலது பக்கம் போனது. முள்ளுக்குள் சரசரவென்ற சத்தம் அவருக்கே கேட்டது.

கோர்டி குனிந்து குனிந்து தேடினார். அவருக்கும் முதுகு வலி உண்டு. ஒரு கள்ளிக்குப் பின்னால் நின்று கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார். பிறகு கூப்பிட்டார். "கிடைச்சிருச்சுடா! இங்க தெளிவா கிடக்கு."

"அதை எடுத்து உன் பாக்கெட்டுலேயே போடு கோர்டி," என்றார் ஆர்லன்.

கோர்டி அசையாமல் நின்றார்.

"பேனாவையும் மூடி வை. மை காஞ்சுறப்போகுது." ஆர்லன் மட்டையை மண்ணில் ஊன்றினார். "எனக்குக் கண்ணு தெரியலைடா. நேரா பாத்தா உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் இல்லை."

"தெரியும்," என்றார் வெண்டல் மெதுவாக.

"எப்ப இருந்து?"

"போன தடவை வரும்போதே ஏர்போர்ட்ல வேற எவனோ தோள்ல கையைப் போட்டு, 'போலாமா கோர்டி'ன்னு கேட்ட பாரு, அப்ப இருந்து. அந்த ஆளு ஆறடி."

கோர்டி ஐந்தடிதான். அவர் முள்ளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கால்சட்டையெல்லாம் முள். "நீ சொல்லலை. நீ சொல்லாதப்ப நாங்க எப்படிடா கேக்குறது?" என்றார். "எங்களுக்குத் தெரியும்னு சொன்னா அடுத்த வருஷம் நீ வரமாட்டேன்னு பயமா இருந்துச்சு. நீ இல்லாம நான் இந்தக் கிழவனோட மூணு நாள் என்ன பண்ணுவேன்?"

தன் பயமும் அதேதான் என்று ஆர்லன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புல்லோரத்தில் ஒரு பந்தைப் போட்டார்.

"ஓர் அடி தண்டம். எழுதிக்கோ. காலையிலிருந்து போனதுக்கெல்லாம் சேத்து எழுது. முந்தாநாள், நேத்துது, போன வருஷத்துதும்."

வெண்டல் அட்டையைப் பார்த்தார், பென்சிலைப் பார்த்தார். "அதுக்கு நம்ம ஆலையிலிருந்துதான் காகிதம் வரவழைக்கணும்," என்றார்.

டெல்ஃபினா பக்கென்று சிரித்துவிட்டார். ஆர்லனின் மனசுக்குள் எதுவோ இளகியது. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு பேச்சு கேட்டு!

ஆடி முடித்தார்கள். எத்தனை அடி என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவசியமும் இல்லை. டெல்ஃபினா மூன்று பேருக்கும் கை கொடுத்தார். ஆர்லன் கையை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார். "அடுத்த வருஷம் வந்தா கூண்டுல என் பேரைச் சொல்லுங்க. உங்க பந்து எங்க போகுதுன்னு நான் சொல்றேன். நல்லா இருக்குன்னு சொல்வேன்னு மட்டும் எதிர்பாக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி நிறுத்தும் இடத்தில் கார் கதவைத் திறந்துபோட்டு, மூவரும் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போக யாருக்கும் தெம்பு இல்லை. கோர்டி காலிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆர்லன் கையை நீட்டினார்.

"மீனைக் குடு."

"இருக்கட்டும்டா, அது..."

"குடுடா. போன வருஷமே என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது."

கோர்டி வெண்டலைப் பார்த்தார். வெண்டல் தலையாட்டினார். கூடையிலிருந்து எடுத்து வந்திருந்த மீனைக் கோர்டி எழுந்து தூக்கி வந்து ஆர்லன் மடியில் வைத்தார். கனமாக இருந்தது. ஆர்லன் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார், செதில், வால், கண் விழுந்த பள்ளம். கோர்டி இன்னும் பக்கத்திலேயே நின்றார். ஏதோ சொல்ல வந்து, விழுங்கி, கடைசியில் சொல்லியேவிட்டார்.

"பாத்து வெச்சுக்கோ. உங்க ரெண்டு பேர்ல அதுக்குத்தான் பார்வை ஜாஸ்தி. அடுத்த வருஷம் அதையே ஆட விடு."

ஆர்லன் சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.